ஓவனில் வேகும் வலென்சியா சோறு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் மத்தியதரைக் கடலை ஒட்டிக் கிடக்கும் வலென்சியா, அந்த நாட்டின் நெல் சீமை. அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அங்கே நெல் வேரூன்றியது. இன்றும் அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்கள் பரந்து கிடக்கின்றன. அந்தப் பகுதி வீடுகளில் அகன்ற மண்சட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் பரப்பி, நடுவே ஒரு முழுப் பூண்டை உட்கார வைத்து, கொதிக்கும் சாற்றை ஊற்றி ஓவனில் வைத்துவிடுவார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு அர்ரோஸ் அல் ஓர்னோ என்று பெயர். இறைச்சி போட்டும் செய்கிறார்கள், போடாமலும் செய்கிறார்கள்.

இப்போது ஓவன் உள்ள நம் வீடுகளிலும் இதைச் செய்து பார்க்கும் ஆர்வம் தெரிகிறது. ஆனால் காணொளிகளில் உலவும் செய்முறைகள் பலவும் இதை ஒரு மசாலா சாதமாகவோ, சீஸ் உருகி வழியும் பண்டமாகவோ மாற்றிவிடுகின்றன. இது எளிய வீட்டுச் சோறு. அதன் எளிமை கெடாமல் செய்தால்தான் ருசி. அதற்குத் தடையாக நிற்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பயேயாவை ஓவனில் வைத்தால் அதுதான் இது.

உண்மை: இரண்டும் ஒரே மண்ணில் பிறந்தவை, ஆனால் வேறு வேறு உணவுகள். பயேயா வயல்வெளியில், விறகுத் தீயின் மேல், மெல்லிய அகன்ற இரும்புச் சட்டியில் வேகும் சோறு. சூடு கீழேயிருந்து மட்டும் வரும். அதனால் அடியில் பொன்னிறத்தில் ஒரு முறுகல் படியும், அதுவே அதன் பெருமை. ஓவன் சோற்றுக்குச் சூடு நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது. மண்சட்டி அந்தச் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடுகிறது. இங்கே மொறுமொறுப்பு மேற்பரப்பிலும் விளிம்பிலும் உருவாகும்.

வலென்சிய அரசு 2021இல் பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்தப் புகழின் நிழலில் ஓவன் சோறு வெளியுலகுக்குத் தெரியாமல் போய்விட்டது. வயதில் அது இளையதல்ல. 1520இல் பார்சலோனாவில் கத்தலான் மொழியில் அச்சான ‘லிப்ரே டெல் கோக்’ என்ற சமையல் நூலிலேயே சட்டியில் இட்டு ஓவனில் வேகவைக்கும் சோற்றுக்குக் குறிப்பு இருக்கிறது. அந்தச் சோற்றில் தக்காளியும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ஐரோப்பியச் சமையலறைக்குப் பழகப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. இன்று இவை இல்லாமல் இந்தச் சோற்றை வலென்சியர்கள் நினைத்துப் பார்க்கவே மாட்டார்கள்.

நம்பிக்கை: வீட்டில் நல்ல ஓவன் இருப்பவர்களுக்கான ஆடம்பரச் சமையல் இது.

உண்மை: இந்தச் சோறு வளர்ந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் ஓவனே கிடையாது. காலையில் சட்டியைத் தயார் செய்து ஊர் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி சுட்டு முடித்த பின்னும் சூடு அடங்காத அந்தப் பெரிய அடுப்பில் வைத்து வேகவைத்து, மதியம் திரும்ப எடுத்து வருவார்கள். ஷாத்திவா என்ற ஊரில் தெருவழியே இப்படிப் போய்வந்ததாலேயே அதை ‘உலாப் போன சோறு’ என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

சட்டிக்குள் போனதும் பெரும்பாலும் முதல் நாள் மிச்சம்தான். புச்சேரோ என்ற பெரிய குழம்பில் வெந்து மிஞ்சிய கொண்டைக்கடலை, இறைச்சித் துண்டுகள், சாறு இவற்றை மறுநாள் அரிசியோடு சேர்த்துப் புதுச் சாப்பாடாக்கினார்கள். ஒன்றையும் வீணாக்காத குடும்பத் தலைவிகள் உருவாக்கிய உணவு இது. ஆகவே சாதாரண ஓடிஜி போதும். கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவும் போதும், ஆனால் வெறும் மைக்ரோவேவ் முறையில் வைத்தால் மேற்புறம் மொறுமொறுப்பாகாது.

நம்பிக்கை: அசல் செய்முறையில் பன்றி விலா எலும்பும் ரத்தத் தொத்திறைச்சியும் உண்டு. காய்கறி மட்டும் போட்டுச் செய்வது ஒப்புக்குச் செய்வதுதான்.

உண்மை: இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் களைய விரும்புகிறேன். காய்கறி சமைப்பவர்களைத் தேவையில்லாமல் கூச வைப்பது இதுதான். இறைச்சி இல்லாத ஓவன் சோற்றுக்கு வலென்சியாவிலேயே தனி மரபு இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறைச்சியை விலக்கின. அப்போது கொண்டைக்கடலை, உருளை, தக்காளி, நடுவில் முழுப் பூண்டு என்று சட்டியை அடுக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கௌதாரிச் சோறு’. கௌதாரி என்றது நடுவே வீற்றிருக்கும் அந்தப் பூண்டைத்தான். கொண்டைக்கடலையோடு உலர் திராட்சை சேர்த்துச் செய்வதும் அங்கே உண்டு. புளிப்பும் காரமும் பழகிய நாக்குக்கு அந்த இனிப்பு முதலில் புதிதாகத் தெரியும், இரண்டாம் கவளத்தில் பிடித்துப்போகும்.

ஆக, காய்கறிச் சோறு செய்பவர் எதையும் குறைத்துச் செய்யவில்லை. அவர் கவனிக்க வேண்டியது சாறு ஒன்றைத்தான். இறைச்சி எலும்பு தரும் ஆழத்தை வேறு வழியில் கொண்டுவர வேண்டும். வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வெங்காயம், கேரட், ஒரு பிரிஞ்சி இலை சேர்த்து வேகவையுங்கள். வெந்த நீரை ஒரு சொட்டும் கொட்டாதீர்கள். லேசாகக் கொழகொழப்பான அந்த நீர்தான் இந்தச் சோற்றின் உயிர். கடையில் விற்கும் சூப் கட்டிகளைக் கரைத்து ஊற்றினால் எல்லாம் ஒரே உப்புச் சுவையில் போய் முடியும். கரம் மசாலா, சோம்பு, பட்டை எதுவும் வேண்டாம். சீஸ் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த பாஸ்மதி போட்டால் எந்தச் சோறும் நன்றாக வரும்.

உண்மை: பாஸ்மதியின் சிறப்பு அதன் நீளமும் அதன் சொந்த மணமும். இந்தச் சோற்றுக்கு இரண்டும் இடைஞ்சல். இங்கே அரிசி தன் மணத்தைக் காட்டாமல் சாற்றின் மணத்தைக் குடிக்க வேண்டும். நம் சீரக சம்பாவுக்கும் இதே தடை. பிரியாணியில் அதற்கு நிகரில்லை, ஆனால் குங்குமப்பூவையும் பூண்டையும் அது மறைத்துவிடும்.

வலென்சியாவில் போடுவது குட்டையாக, உருண்டு திரண்ட பச்சரிசி. அதில் புகழ்பெற்றது பொம்பா. மற்ற ரகங்களைவிட நிறையச் சாறு குடிக்கும், வெடிக்காமல் தாங்கும், சில நிமிடம் கூடுதலாக வெந்துவிட்டாலும் மன்னிக்கும். விலையும் அதற்கேற்ப அதிகம். செனியா, பஹீயா என்ற ரகங்கள் சாற்றின் ருசியை இன்னும் நன்றாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் நேரம் தவறினால் குழைந்துவிடும். பக்கத்து முர்சியா மாநிலத்தில் கலாஸ்பாரா என்ற ஊரின் அரிசிக்கும் தனிப் பெயர் உண்டு.

இவை கிடைக்காவிட்டால் கடையில் இருக்கும் அரிசிகளில் மணமில்லாத, நடுத்தர அளவுள்ள பச்சரிசியைத் தேர்ந்தெடுங்கள். பொன்னிப் பச்சரிசி ஏற்றது. புழுங்கல் அரிசி வேண்டாம். அவிக்கும்போதே அதன் மாவுச்சத்து இறுகிவிடுகிறது. அதனால் சாறு உள்ளே இறங்க நேரமாகும், ருசியும் மேலோட்டமாகவே ஒட்டும். வலென்சியாவில் அரிசியைக் கழுவாமல் நேரே எண்ணெயில் புரட்டுவார்கள். நமக்கோ கழுவாமல் மனம் ஒப்பாது. கழுவுங்கள், ஆனால் ஊறவைக்காதீர்கள். வடிகட்டித் துணியில் பரப்பி ஈரம் போன பிறகு எண்ணெயில் புரட்டினால் சரி.

நம்பிக்கை: நிறத்துக்குத்தான் குங்குமப்பூ. ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால் அதே வேலை நடந்துவிடும்.

உண்மை: மஞ்சள் நிறம் தரும். அதோடு தன் மண்வாசனையையும் தரும், சோறு எலுமிச்சை சாதத்தின் பக்கம் சாய்ந்துவிடும். குங்குமப்பூவின் வேலை வேறு. ஒரு பூவில் மூன்று சூலக நுனிகள்தான் இருக்கும். ஒரு கிலோ சேர ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும், அத்தனையும் கையால் பறிக்க வேண்டும். ஸ்பெயினில் லா மாஞ்சா சமவெளியும், நம் நாட்டில் காஷ்மீரின் பாம்போரும் இதற்குப் பேர்போனவை.

அதன் நிறத்துக்குக் காரணமான குரோசின் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்கு நேர்மாறு. அதனால்தான் மஞ்சளை எண்ணெயில் போடுகிறோம். குங்குமப்பூவை எண்ணெயில் வதக்கினால் காசும் மணமும் வீண். நான்கு பேருக்கு 20, 25 இழைகள் போதும். உள்ளங்கையில் கசக்கி, அரை டம்ளர் சூடான சாற்றில் கால் மணி நேரம் ஊறவிட்டு அந்தச் சாற்றோடே ஊற்றுங்கள். வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தக்காளியும் மிளகாய்த்தூளும் தரும் செந்நிறமே இந்தச் சோற்றுக்கு அழகு. ஸ்பெயினிலேயே பல வீடுகளில் குங்குமப்பூவுக்குப் பதில் செயற்கை நிறப்பொடி போடும் வழக்கம் இருக்கிறது. அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.

மிளகாய்த்தூள் என்றேனே, அவர்கள் போடும் பிமென்டோன் காரமில்லாத இனிப்பு வகை. சில இடங்களில் ஓக் விறகுப் புகையில் காயவைத்தது. நம் ஊரில் பாப்ரிக்கா என்ற பெயரில் கிடைக்கும். காஷ்மீரி மிளகாய்த்தூளும் ஆகும். எண்ணெயில் ஒரு நொடிக்கு மேல் நின்றால் கருகிக் கசக்கும், எனவே அதைப் போட்ட கையோடு தக்காளியைக் கொட்டிவிட வேண்டும்.

நம்பிக்கை: அடிக்கடி கிளறி, மூடி வைத்து வேகவைத்தால்தான் அரிசி சீராக வேகும்.

உண்மை: கிளறினால் அரிசியிலிருந்து மாவு பிரிந்து சாற்றில் கரையும். இத்தாலியர்களின் ரிசோட்டோவுக்கு வேண்டியது அந்தக் குழைவு. இங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்து நிற்க வேண்டும். சாறு ஊற்றியதும் ஒரே ஒருமுறை சமமாகப் பரப்பிவிட்டு, பிறகு கரண்டி படக் கூடாது.

மூடியும் கூடாது. தம் பிரியாணியில் ஆவியை அடைத்துச் சமைக்கிறோம். இதில் ஆவி வெளியேறித்தான் ஆக வேண்டும். நீர் வற்ற வற்ற ருசி அடர்த்தியாகும், மேலே அடுக்கிய உருளையும் தக்காளியும் சிவந்து வரும். திறந்த சட்டியில் மேலாக உள்ள பருக்கைகள் காய்ந்துபோகுமே என்ற பயம் நியாயம்தான். சாறு கொதிக்கக் கொதிக்க இருந்து, ஓவனும் முன்பே சூடேறியிருந்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆறிய நீரை ஊற்றினால் சூடேறவே பத்து நிமிடம் போய்விடும், அதற்குள் அடி குழைந்து மேல் வேகாமல் நிற்கும். சூடான மண்சட்டியில் குளிர்ந்த நீர் பட்டால் சட்டி விரிசல் விடவும் கூடும்.

நம்பிக்கை: காய் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சத்து, அவ்வளவு ருசி.

உண்மை: கத்தரி, காளான், சுரைக்காய், தக்காளி எல்லாமே நீர் விடும். பச்சையாகக் குவித்தால் அளந்து ஊற்றிய சாற்றின் கணக்கு தவறி, சோறு களியாகும். இரண்டு மூன்று காய் போதும். சிவப்புக் குடைமிளகாய், பீன்ஸ், காலிஃபிளவர் நன்றாகப் பொருந்தும். எதைப் போட்டாலும் முதலில் வாணலியில் எண்ணெய் விட்டு, ஓரங்கள் சிவக்கும் வரை வதக்கியே சட்டியில் சேருங்கள்.

நம்பிக்கை: ‘ஸ்பானிஷ் ரைஸ்’ என்பதும் இதுவும் ஒன்றே.

உண்மை: அமெரிக்க உணவகங்களில் அந்தப் பெயரில் வருவது மெக்சிகோவின் தக்காளிச் சோறு. ஸ்பெயினில் அந்தப் பெயரில் கேட்டால் யாருக்கும் புரியாது.

இனி அளவு. நான்கு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அதற்கு இரு மடங்கு சாறு. பொம்பா என்றால் இரண்டரை மடங்கு வரை தாங்கும். ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுங்கள். வாணலியில் ஆலிவ் எண்ணெய் விட்டு, வெளித்தோல் மட்டும் நீக்கிய முழுப் பூண்டையும், விரற்கடை கனத்தில் வட்டமாக நறுக்கிய உருளையையும் சிவக்க வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயில் காய்களை வதக்கி, பாப்ரிக்கா, துருவிய தக்காளி சேர்த்துச் சுருள விடுங்கள். அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, வெந்த கொண்டைக்கடலையுடன் அகன்ற சட்டியில் பரப்புங்கள். சோறு இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாத அளவு சட்டி அகலமாக இருக்கட்டும். கொதிக்கும் சாற்றில் உப்புப் பார்த்து, சற்றே கரிப்பாக இருக்கும்படி ஊற்றுங்கள், அரிசி அதைக் குடித்த பின் சரியாகிவிடும். மேலே உருளை, பாதியாக வெட்டிய தக்காளி, நடுவில் பூண்டு. 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள்.

வெளியே எடுத்ததும் பரிமாற அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டால் மிச்ச ஈரத்தையும் அரிசி வாங்கிக்கொள்ளும். பிறகு சட்டியோடு நடுவில் வைத்து, வெந்து வெண்ணெயாகிவிட்ட பூண்டுப் பற்களைப் பிதுக்கி ஆளுக்குக் கொஞ்சம் சோற்றில் பிசைந்துகொள்ளுங்கள். முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொண்டைக்கடலை, உருளை, தக்காளி, பூண்டு இந்த நான்கோடு மட்டும் தொடங்குங்கள். அந்த ருசி நாக்கில் பதிந்த பிறகு மற்ற காய்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.