மின்னஞ்சலும் தன்பதிவேடும்

திருப்புல்லாணி ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வருகின்ற கடிதங்களைத் தன்பதிவேட்டில் எண்ணும் தேதியும் இட்டுப் பதிந்து, நடவடிக்கை முடியும்வரை அப்பதிவைத் திறந்தே வைத்திருப்பது தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பழைய வழக்கம். நிலுவையில் நிற்பது யாது என்பதை அவ்வேடே காட்டிவிடும்.

நிற்க. 1971-இல் ரே டாம்லின்சன் என்பார் கணினிவலை வழியே அனுப்பிய மின்னஞ்சல், இன்று காரியாலயங்கள் எங்கும் பரவியுளது. ஆயின், பெட்டியில் விழும் மடல் தானே பதிவேறுவதில்லை. சுற்றறிக்கைகளும் விளம்பரங்களும் மேலே குவிய, சேதுக்கரை மீனவர் ஒருவர் நிவாரணம் வேண்டி விடுத்த மடல் அடியில் அமிழ்ந்துவிடக்கூடும். அத்தாமதம் அவர் இல்லத்தில் பசியாகும்.

ஆதலின் நாம் கைக்கொள்ளத்தக்கவை ஐந்து.

1. நாளில் இரண்டு மூன்று வேளைகளைக் குறித்து, அவ்வேளைகளில் மட்டும் பெட்டியைத் திறத்தல்.

2. திறந்த மடலுக்கு உடனே ஒரு முடிவு செய்தல்: சிறு விடையாயின் எழுதுக, பிறர்க்குரியதாயின் அனுப்புக, அவகாசம் வேண்டின் கொடிக்குறியும் கெடுதேதியும் இடுக, முடிந்ததாயின் கோப்பில் சேர்க்க.

3. அவுட்லுக், ஜிமெயில், ஜோஹோ மெயில் முதலியவற்றிலுள்ள வடிகட்டும் விதிகளால் சுற்றறிக்கைகளைத் தனி உறையில் விழச்செய்தல்.

4. ஒரு மடலில் ஒரு பொருளே எழுதி, பொருள் வரியில் கோப்பு எண்ணைக் குறித்தல். பின்னர்த் தேடுதல் எளிதாம்.

5. வாரந்தோறும் கொடியிட்டவற்றை மீளநோக்கல். இதுவே தன்பதிவேட்டின் வேலை.

மாணவ நண்பர்காள்! கருவி எதுவாயினும், எழுதியவர் விடைக்குக் காத்திருக்கின்றார் என்பதை மறவாதிருப்போமாக.