வாந்திபேதியும் ஒரு வரைபடமும்

புள்ளி விவரம் என்றவுடனே, மேலிடத்திற்கு அனுப்புவதற்காக நிரப்பவேண்டிய படிவம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பஞ்சாயத்து அலுவலகங்களில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. அவற்றை மறுமுறை புரட்டிப் பார்ப்பவர் சிலரே. விவரங்களைத் திரட்டுவது பாதி வேலைதான். அவற்றைக் கண்ணுக்குப் புலப்படும்படி அமைத்துக் காட்டுவது மறுபாதியாகும். லண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சோஹோ என்னும் பகுதியில் பிராட் தெருவைச் சுற்றிலும் காலரா கண்டது. பத்து நாட்களில் 500 பேருக்கு மேல் மாண்டனர். துர்நாற்றக் காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்கால வைத்தியர் பலரின் துணிபு. ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ குடிநீரின்மேல் ஐயங்கொண்டார். மரணப் பதிவேட்டிலிருந்து முகவரிகளைப் பெற்று, வீடு வீடாகச் சென்று, இறந்தோர் எங்கே நீர் எடுத்தனர் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருக் கைப்பம்பின் நீரையே அருந்தியிருந்தனர். அவர் வேண்டியபடி, செப்டம்பர் 8-ஆம் தேதி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்ததென்பதை ஸ்னோவே மறைக்கவில்லை. அந்நேர்மையும் இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

பின்னரே அவர் தெருப்படம் ஒன்றில், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடாக, அந்தந்த வீட்டின் எதிரே இட்டுக் காட்டினார். கோடுகள் அப்பம்பைச் சுற்றியே நெருங்கி நின்றன. ஆயினும், நோய் காணாத இடங்களே அவருக்குப் பெருந்துணை புரிந்தன. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேரில் ஐவரே இறந்தனர். அங்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுவாலைத் தொழிலாளர் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் அப்பம்பை நாடவேயில்லை. காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் 1884-இல் தனியே பிரித்தெடுப்பதற்கு முப்பதாண்டுகள் முன்னரே, கோடுகள் உண்மையை உணர்த்திவிட்டன.

நம் ஊரிலும் வயிற்றுப்போக்குப் பரவும்போது இதனைச் செய்யலாம். ஊர்ப் படத்தில் மேல்நிலைத் தொட்டி, குழாய், கிணறு, சாக்கடை ஆகியவற்றைக் குறித்து, நோய் கண்ட வீடுகளைத் தேதியுடன் புள்ளியிடுக. நோய் காணாத வீடுகள் எங்கே நீர் எடுக்கின்றன என்பதையும் கேட்டெழுதுக. வெறும் புள்ளிகளை எண்ணி ஏமாறலாகாது. 200 வீடுகள் உள்ள மேலத் தெருவில் 10 வீடுகளிலும், 40 வீடுகள் உள்ள கீழத் தெருவில் 6 வீடுகளிலும் நோய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் நூற்றுக்கு 5. பின்னதில் நூற்றுக்கு 15. முதலில் ஆராயவேண்டியது கீழத் தெருக் குழாயையே.

இதற்குப் பென்சிலும் காகிதமும் போதும். கணினி பயின்ற இளைஞர் ஊரில் இருப்பின், விரிதாளிலோ, க்யூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளிலோ விரைவில் முடித்துத் தருவார். கணக்கும் புள்ளியியலும் கற்று இவ்வேலையில் தேர்ந்தோருக்கு மருத்துவத் துறை, வேளாண் துறை, வங்கி முதலிய பலவிடங்களிலும் இன்று தரவு ஆய்வாளர் என்ற பெயரில் பணிகள் உண்டு. சொந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு அவர்களுக்கு நல்ல முதற்பயிற்சியாகும்.

முடித்த படத்தைக் கோப்பில் கட்டி வைக்காமல், கிராம சபை கூடுமிடத்தில் அனைவரும் காணத் தொங்கவிடுக. நோயாளியின் பெயர் மட்டும் அதில் வேண்டா.