பாராட்டுச் சொற்கள் வந்த வழி

வகுப்பில் ஒருத்தி செய்யுளைப் பிழையின்றி ஒப்புவித்தால் "சபாஷ்" என்கிறோம். வாசலில் கோலம் அழகாக அமைந்தால் "பேஷ்" என்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் கடைசி நொடியில் முந்தினால் "பலே!" என்று கூவுகிறோம். இவற்றுள் ஒன்றுகூடத் தமிழில் பிறந்ததன்று. "மகிழ்ச்சியாக இரு" என்று பொருள்படும் "ஷாத் பாஷ்" என்னும் பாரசீக வாழ்த்தே சுருங்கிச் "சபாஷ்" ஆயிற்று. "பேஷ்" என்பதற்குப் பாரசீகத்தில் "அதிகம்" என்று பொருள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தந்தையார் "பரவாயில்லை" என்கிறாரே, அதன் முற்பகுதியும் கவலையைக் குறிக்கும் "பர்வா" என்ற பாரசீகச் சொல்தான். (அவர் கவலை தீர்ந்தது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்!)

வேற்றுமொழிச் சொற்கள் வணிகத்தால் வரும், ஆட்சியால் வரும், புதிய பொருள்களோடும் வரும். ஆனால் பாராட்டுச் சொல் அப்படி வருவதில்லை. இரு மொழியினர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒன்றைச் சேர்ந்து ரசித்தால்தான் அது வாய்மாறும். தென்னாப்பிரிக்காவின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1652-ஆம் ஆண்டு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் குடியேறினர். அங்கே அவர்கள் மொழி மெல்ல மாறி "ஆப்பிரிக்கான்ஸ்" என்னும் தனிமொழியாயிற்று. 1806-இல் அப்பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820-இல் ஏறத்தாழ நாலாயிரம் ஆங்கிலேயர் குடியேறினர். பண்ணையிலும் சந்தையிலும் இரு மொழியினரும் கலந்து பழகினர். அப்போது ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட சொற்களுள் முதன்மையானது "லெக்கர்".

டச்சு மொழியில் அது பெரும்பாலும் நாவின் சுவையைக் குறிப்பது. நக்குதல் என்பதே அதன் வேர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைத் தின்றபின் விரலை நக்குவோருக்கு இது விளங்கும்! ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோர் அதை நாவோடு நிறுத்தவில்லை. நல்ல தூக்கம் லெக்கர், இளவெயில் லெக்கர், இனிய தோழியும் லெக்கர். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலும் இவ்வாறே வழங்குகிறது. "க்வாய்" என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. சினம், மூர்க்கம் என்னும் பொருளுள்ள அச்சொல் இளைஞர் பேச்சில் "மிக நன்று" ஆகிவிட்டது. நாம் வியக்க வேண்டியதில்லை. வடமொழியில் தவறு, கவனக்குறைவு என்று பொருள்படும் "பிரமாதம்" என்பதைத்தானே நாம் பாட்டுக்கும் சமையலுக்கும் புகழாகச் சொல்கிறோம்!

அதே டச்சுக் கம்பெனி 1658-இல் நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடிக்கும் வந்தது. முத்துக்கும் துணிக்குமாகப் பல தலைமுறைகள் அங்கே இருந்தது. அவர்கள் தமிழுக்குத் தந்தவற்றுள் "கக்கூஸ்" என்பதே பெயர்பெற்றது (முகம் சுளிக்க வேண்டாம், மொழிநூல் எதையும் மறைப்பதில்லை). ஆனால் "லெக்கர்" நம்மிடம் வரவில்லை. டச்சுக்காரர் பண்டகசாலையில் இருந்தனர். நம் திண்ணையில் உட்காரவில்லை.

பாரசீகச் சொற்களோ ஆர்க்காட்டு நவாபு காலத்திலும் அதற்கு முன்னும் படையிலும் வரிக்கணக்கிலும் புகுந்தன. பாராட்டுச் சொற்கள் பாட்டும் கூத்தும் நடந்த சபைகளில் நிலைத்தன. அலுவலகத்தைக் குறித்த "கச்சேரி" என்ற சொல்லே இன்று இசை நிகழ்ச்சிக்குப் பெயராகிவிட்டதல்லவா? "பலே" என்பதை இராஜபாளையத்து மாணவியருக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகின்ற ஊர் இது. இரண்டு மொழியிலும் அச்சொல் உண்டு.

ஆப்பிரிக்கான்ஸ் 1925-இல் ஆட்சிமொழியாயிற்று. பின்னர் கறுப்பின மாணவர் பாடங்களை அம்மொழியில் படிக்க வேண்டுமென்று வெள்ளையர் அரசு கட்டாயப்படுத்தியது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிப்பிள்ளைகள் ஊர்வலம் சென்றனர். போலீசார் சுட்டனர். இறந்தவர்களுள் ஹெக்டர் பீட்டர்சன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். அம்மொழியைப் பாடமொழியாக ஏற்க மறுத்த அந்த நாட்டில், "லெக்கர்" மட்டும் எவர் கட்டாயமுமின்றி எல்லா இனத்தவர் வாயிலும் இன்றும் வழங்குகிறது.

1860-இல் சென்னையிலிருந்து "டுரூரோ" என்ற கப்பலில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் வழிவந்தோர் வாயிலும் அச்சொல் உண்டு. டர்பன் நகரில் ரொட்டியின் நடுவைக் குடைந்து, காரக் குழம்பு ஊற்றித் தரும் "பன்னி சவ்" என்னும் பண்டம் நம்மவர் கண்டது. அதை உண்டு முடித்தவர்கள் சொல்வதும் "லெக்கர்!" என்பதே.