பின் சன்னலுக்கு வெளியே

அன்புள்ள தம்பிக்கு,

மொன்றியல் நகரில் ஓராண்டில் விழும் பனி சராசரியாக 200 செ.மீ.க்கு மேல். தெருவில் விழுவதை நகரசபை அள்ளிவிடும். வாசலிலிருந்து தெரு வரை உள்ள டிரைவ்வேயில் விழுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அதனால் பலர் குளிர்காலம் தொடங்கும் முன்பே ஓர் ஒப்பந்தக்காரரிடம் பணம் கட்டிவிடுகிறார்கள். பனி கொட்டிய இரவில், ஆட்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அவருடைய டிராக்டர் வீடு வீடாகப் போய் வரும். நீ சேரப்போவது அந்த வேலையில்தான்.

இந்த வேலையில் கடினமானது பின்னால் பார்ப்பது. வயலில் ஓட்டுகிறவரும் கலப்பையை அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். ஆனால் அங்கே பின்னால் இருப்பது மண். இங்கே இருப்பது கராஜ் கதவு, நிறுத்திய கார், குப்பைத் தொட்டி, சில நேரம் ஒரு குழந்தை. புதிதாக வருகிறவர்கள் ஒரு கேமரா மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். கேமரா நல்ல பொருள்தான். ஆனால் செய்ய வேண்டியவற்றின் வரிசையில் அது கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பின்னால் பார்க்க வேண்டிய இந்தச் சிக்கல் தொடங்குவது டிராக்டரின் அமைப்பில். பனியை வாரி வீசும் ஸ்னோ புளோவரைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் ஆர்த்தூர் சிக்கார். 1925இல் இயந்திரத்தைச் செய்தார். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரசபை அதை வாங்கியது. அது லாரியின் முன்னால் பொருத்தப்பட்டது. ஓட்டுநர் போகும் திசையைப் பார்த்தாலே போதும். டிராக்டரிலோ எஞ்சினின் சக்தியை வெளியே தரும் பிடிஓ தண்டு பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது. நிமிடத்துக்கு 540 அல்லது 1,000 சுற்று சுற்றும் அந்தத் தண்டோடு இணைய வேண்டியிருப்பதால், புளோவரும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பழைய வகைப் புளோவரின் வாய் பின்னோக்கித் திறந்திருக்கும். பனிக்குள் பின்னோக்கியே ஓட்டிப்போக வேண்டும். கழுத்தைத் திருப்பி, இடுப்பை முறுக்கி, குலுங்கும் இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் முதுகு கெடும் என்பது தொழில் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். வலிக்கிற கழுத்தை யாரும் முழுதாகத் திருப்புவதில்லை. முதுகு நோவு பார்வைக் குறையாக மாறுவது இப்படித்தான்.

கியூபெக் ஒப்பந்தக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது: வாய் முன்னோக்கித் திரும்பிய புளோவர். அங்குள்ள நொர்மான், ப்ரொனோவோ போன்ற நிறுவனங்கள் இந்த வகையைச் செய்து விற்கின்றன. புளோவரைத் தூக்கியபடி கராஜ் கதவு வரை பின்னோக்கிப் போவார்கள். அங்கே இறக்கிவிட்டு, பனியை வாரி வீசிக்கொண்டே முன்னோக்கித் தெருவுக்கு வருவார்கள். பனி அள்ளும் நேரம் முழுவதும் முகம் முன்னால் இருக்கும். பின்னோக்கிப் போவது சில விநாடிகளாகச் சுருங்கிவிடும்.

அந்தச் சில விநாடிகளில்தான் ஆபத்து இருக்கிறது. தூக்கிய புளோவர் பின் சன்னலின் கீழ்ப்பகுதியை மறைக்கும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகும் டிராக்டர் விநாடிக்கு 2.2 மீட்டர் நகர்கிறது. எதையோ கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 3.3 மீட்டர் போயிருக்கும். கிட்டத்தட்ட ஒரு காரின் முக்கால் நீளம். எனவே பின்னோக்கிப் போகும்போது நடை வேகத்துக்கும் குறைவாகப் போ. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பின்லாந்தின் வால்ட்ரா நிறுவனம் இதே சிக்கலுக்கு ஆளையே திருப்பிவிட்டது. அதன் ட்வின்ட்ராக் வசதியுள்ள டிராக்டரில் இருக்கை 180 பாகை சுழலும். பின்பக்கமும் ஒரு ஸ்டியரிங்கும் மிதிகளும் உண்டு. காட்டு வேலைக்கும் பனி வேலைக்கும் அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்வார். உன் கையில் இருப்பது சன்னலின் சுத்தம்.

பின் சன்னல் இரண்டு பக்கமும் கெடும். உட்புறத்தில் மூச்சின் ஈரமும், காலணியில் ஒட்டி வந்து உருகும் பனியின் ஈரமும் சேர்ந்து, சூடான காற்று சரியாகப் போய்ச் சேராத பின் சன்னலில் படியும். ஆகவே ஏறுமுன் காலணியைத் தட்டு. கேபினுக்குள் இருக்கும் காற்றையே சுழலவிடாமல், வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கும் நிலையில் வை. வெளிக்காற்று குளிர்ந்தது, அதில் ஈரம் மிகக் குறைவு. சூடானதும் அது சன்னலின் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் ஒரு சிறு மின்விசிறி வைத்தால் பலன் கூடும்.

வெளிப்புறத்தில் கதை வேறு. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பும் பனித்தூளை அந்த இடம் இழுத்துச் சன்னலில் அப்புகிறது. ஹேட்ச்பேக் கார்களுக்குப் பின்பக்க வைப்பர் வைப்பதும் இதனால்தான். உன் டிராக்டரில் பின் வைப்பர் இருந்தால் அதன் ரப்பரைப் பருவத் தொடக்கத்திலேயே மாற்றச் சொல். சன்னல் கழுவும் நீர்த் தொட்டியில் கோடைக்கால நீர் மிச்சம் இருந்தால் வடித்துவிட்டு, மைனஸ் 40 பாகை வரை உறையாத திரவத்தை ஊற்று. ஒரு பிரஷ் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

புளோவரின் வீசுகுழாயைக் காற்று போகும் திசைக்குத் திருப்புவதும் பார்வைக்கான வேலைதான். எதிர்க்காற்றில் வீசினால் அத்தனையும் உன் சன்னலுக்கே திரும்பி வரும். வீசும் இடத்தில் ஆளோ அண்டை வீட்டுச் சன்னலோ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்.

பக்கக் கண்ணாடிகளில் குவி கண்ணாடி அகலமாகக் காட்டும்; ஆனால் பொருளைச் சிறிதாக்கி, தொலைவில் இருப்பதுபோல் காட்டும். ஏதாவது நிற்கிறதா என்று தேட அதைப் பார். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கத் தட்டையான கண்ணாடியைப் பார். மின்சாரத்தால் சூடாகும் கண்ணாடி கிடைத்தால் விடாதே.

விளக்கில் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. பழைய ஹாலஜன் பல்ப் வெளிச்சத்தைவிட வெப்பத்தையே அதிகம் தந்தது. அந்த வெப்பத்தில் பனி உருகிவிடும். எல்இடி விளக்கின் முகம் குளிர்ந்தே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின், இல்லினாய் போன்ற மாநிலங்களில் போக்குவரத்து சிக்னல்களை எல்இடிக்கு மாற்றிய பிறகு, பனிப்புயலில் சிக்னலே மூடிப்போய் விபத்துகள் நடந்தன. ஆகவே பின் வேலை விளக்குகளை அவ்வப்போது துடைக்க வேண்டும். அவற்றைக் கண்மட்டத்துக்கு அருகில் பொருத்தவும் கூடாது. விழும் பனியில் பட்ட வெளிச்சம் நேரே கண்ணுக்குத் திரும்பி வெள்ளைத் திரையாகிவிடும். தாழ்வாக, பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தினால் தரை தெரியும்.

இப்போது கேமரா. கனடாவிலும் அமெரிக்காவிலும் 2018 மே முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் பின் கேமரா கட்டாயம். அமெரிக்க விதி வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள பரப்புத் தெரிய வேண்டும் என்கிறது. டிராக்டருக்கு இந்த விதி இல்லை; உரிமையாளர்தான் மாட்ட வேண்டும். வாங்கும்போது உயரழுத்த நீரைத் தாங்கும் ஐபி69கே தரமா என்று பார்க்கச் சொல். கேபின் கூரையில் வைத்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் தூக்கிய புளோவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. புளோவரின் மேல் வைத்தால் அது தெரியும். ஆனால் அதிர்வும் பனியும் அதைப் பாடுபடுத்தும். இரண்டு இடத்திலும் வைப்பது நல்லது. கடுங்குளிரில் திரை மந்தமாகும் என்பதால் கேபின் சூடேறும் வரை படத்தை நம்பாதே. லென்ஸைத் துடைக்க இறங்கும்போது பிடிஓவை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்.

இவ்வளவு செய்தும் தெரியாதவை இருக்கும். பனி மூடினால் புல்தரையின் விளிம்பும் படிக்கட்டும் மறைந்துவிடும். அதற்காகத்தான் ஒப்பந்தக்காரர்கள் தரை உறையுமுன் டிரைவ்வேயின் இருபுறமும் நிறக்கம்புகளை நட்டுவிடுகிறார்கள். சாய்ந்த கம்பைக் கண்டால் இறங்கி நிமிர்த்து. புதுப்பனி ஓசையை உறிஞ்சும். காதுவரை தொப்பி இழுத்துவிட்ட குழந்தைக்கு, பின்னோக்கிப் போகும்போது உன் டிராக்டர் எழுப்பும் பீப் ஒலி கேட்காமல் போகலாம். பனிக்குவியலைக் குடைந்து கோட்டை கட்டி விளையாடுவது கியூபெக்கில் குழந்தைகளின் வழக்கம் என்பதால், குவியலின் மேலும் கண் இருக்கட்டும்.

குடியிருப்புத் தெருக்களில் பெரிய ஸ்னோ புளோவரை இயக்கும்போது பொதுவாக அதற்கு முன்னால் ஒரு கண்காணிப்பாளர் செல்ல வேண்டும் என்று கியூபெக்கின் சாலைச் சட்டம் சொல்கிறது. கேபினில் இருப்பவரின் கண் மட்டும் போதாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. டிரைவ்வேயில் உனக்கு அப்படி ஒருவர் இருக்கமாட்டார். எனவே பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது நிறுத்து, இறங்கு, நடந்துபோய்ப் பார். அடுத்த வீட்டுக்குச் சில நிமிடம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை. முதலாளி அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்