உதட்டுக் கொப்புளமும் ஒரு வதந்தியும்

முதல் இடைத்தேர்வு முடிந்த வாரம் அது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு பள்ளிக்கு வந்திருந்தாள். கீழுதட்டின் ஓரத்தில் நான்கைந்து நீர்க் கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு டீச்சர்" என்றாள். "இல்ல டீச்சர், உடம்புச் சூடு" என்றாள் அவளது தோழி. மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற எண்ணத்தில், "நீ கடைசி பெஞ்சில தனியா உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். அதைத் தவறென்று அப்போது நான் நினைக்கவில்லை.

மறுநாள், மேல் வகுப்பு மாணவன் ஒருவன் தன் அண்ணனின் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அது ஹெர்பிஸ். தப்பா நடந்துக்கிறவங்களுக்குத்தான் வரும்" என்று பரப்பிவிட்டான். நான் அவளைத் தனியே உட்கார வைத்திருந்ததும் அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகிவிட்டது. அடுத்த நான்கு நாள்கள் அவள் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்று, "டீச்சர், எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றார்.

பல ஆண்டுகளாக அறிவியல் நடத்தும் எனக்கு, அந்த ஒரு வரிக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைச் சந்தித்து விளக்கம் கேட்டேன். பிறகு படித்தும் பார்த்தேன். ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை என்று எனக்குப் பட்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஒரே குடும்பம், வெவ்வேறு நோய்கள்

ஹெர்பிஸ் என்பது ஒரே ஒரு நோயின் பெயரன்று. அது ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். நம் வகுப்பறைக்கு அந்தக் குடும்பத்தில் மூன்று உறுப்பினர்கள் முக்கியமானவர்கள்.

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் முதல் வகை: பெரும்பாலும் வாய், உதட்டுப் பகுதியில் கொப்புளங்களை உண்டாக்கும். அந்த மாணவிக்கு வந்தது இதுதான். சிறு வயதிலேயே, எச்சில் வழியாகவும் தோல் தொடுதல் வழியாகவும் தொற்றிவிடுகிறது. அம்மாவோ பாட்டியோ பாசத்தோடு கொடுத்த ஒரு முத்தமே போதும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர், அதாவது சுமார் 380 கோடிப் பேர், இவ்வைரஸைத் தங்கள் உடலில் கொண்டிருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பலருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது.

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இரண்டாம் வகை: பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவி, பிறப்புறுப்புப் பகுதியில் புண்களை உண்டாக்கும். பால்வினை நோய்ப் பட்டியலில் நாம் படிப்பது இதைத்தான். வாய்வழிப் பாலுறவால் முதல் வகையும் பிறப்புறுப்புப் பகுதிக்குப் பரவக்கூடும்.

வேரிசெல்லா ஜோஸ்டர்: முதலில் சின்னம்மையாக வரும். பல ஆண்டுகள் கழித்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டை போலக் கொப்புளங்களோடும் கடும் எரிச்சலோடும் மீண்டும் எழும்போது அதை நாம் 'அக்கி' என்கிறோம். நம் ஊர்களில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் 'அக்கி எழுதி' வரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 3 நாள்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். எழுதிவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் அந்த வாய்ப்பு போய்விடும். கண்ணருகே வந்த அக்கி பார்வையையே பாதிக்கலாம்.

வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

"புண் ஆறிவிட்டதே, பிறகு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இதை அருகம்புல்லைக் காட்டி விளக்கலாம். கோடையில் புல் காய்ந்து தரையோடு மறைந்துவிடும். வேர் உள்ளே உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். ஹெர்பிஸ் வைரஸும் தோலில் புண் ஆறிய பிறகு நரம்பு வழியே பின்வாங்கி, நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. உதட்டுக்கு வருவது முகத்தின் உணர்ச்சி நரம்பு முடிச்சிலும், பிறப்புறுப்புக்கு வருவது முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளிலும் தங்கிவிடும். காய்ச்சல், கடும் வெயில், மன அழுத்தம், உடல் சோர்வு, மாதவிடாய் போன்றவை அதை எழுப்பிவிடலாம். காய்ச்சலுக்குப் பிறகு அந்த மாணவிக்குக் கொப்புளம் வந்ததற்கும் இதுவே காரணம். பூச்சியும் கடிக்கவில்லை, ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அறிகுறிகள்

உதட்டில் வரும்போது முதலில் அந்த இடம் குறுகுறுக்கும், எரியும். ஓரிரு நாளில் சிறு நீர்க் கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றும். பிறகு அவை உடைந்து, பொருக்குத் தட்டி, பொதுவாக 7 முதல் 10 நாள்களில் தழும்பின்றி ஆறிவிடும். சிறு குழந்தைகளுக்கு முதல் முறை தொற்றும்போது சற்றுக் கடுமையாக இருக்கலாம். காய்ச்சல் அடிக்கும், ஈறு வீங்கும், வாய் முழுக்கப் புண்ணாகும், எச்சில் ஒழுகும், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது. அங்கன்வாடியிலோ ஒன்றாம் வகுப்பிலோ இப்படி ஒரு குழந்தையைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீர்ச்சத்து குறைந்துவிடும் ஆபத்து உண்டு.

பிறப்புறுப்புப் பகுதியில் வரும்போது வலியுள்ள சிறு கொப்புளங்கள், புண்கள், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவை இருக்கலாம். தொற்றிய 2 முதல் 12 நாள்களில் இவை தோன்றலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. புண் இல்லாத நாள்களிலும் வைரஸ் தோலின் மேற்பரப்புக்கு வந்து பரவ முடியும். 'பார்த்தால் தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கை ஆபத்தானது என்பதை மேல்நிலை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தடுப்பும் சிகிச்சையும்

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸுக்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. வைரஸை உடலிலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்தும் இல்லை. ஆனால் புண்ணை விரைவில் ஆற்றவும், திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கவும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் உண்டு. இம்மருந்து உருவானதில் பெரும் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அறிவியலில் ஆர்வமுள்ள பெண் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்த இது நல்ல வாய்ப்பு.

அன்றாடத்தில் செய்ய வேண்டியவை எளிமையானவை. கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்ட கையைக் கண்ணில் வைக்கவே கூடாது. கருவிழியில் தொற்றினால் பார்வை பாதிக்கும். கண் சிவந்து வலித்தால் மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றக் கூடாது. புண் ஆறும்வரை டம்ளர், துண்டு, உதட்டுப் பூச்சு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பச்சிளங் குழந்தை இருந்தால், உதட்டுக் கொப்புளம் உள்ளவர் யாராக இருந்தாலும் முத்தமிடக் கூடாது. பிறந்த குழந்தைக்கு இத்தொற்று வருவது அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்து.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் ஹெர்பிஸ் கொப்புளங்கள் வந்தன. தோலோடு தோல் உரசியதே காரணம். நம் கபடிக்கும் மல்யுத்தத்துக்கும் இது பொருந்தும். முகத்திலோ கையிலோ ஈரமான கொப்புளம் உள்ள வீரரைப் பொருக்குக் காயும்வரை களத்திலிருந்து ஓய்வெடுக்கச் சொல்லலாம். வகுப்பிலிருந்து விலக்கத் தேவையில்லை.

பாலுறவு வழிப் பரவலைப் பொறுத்தவரை, ஆணுறை ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். மூடப்படாத தோல் வழியாகப் பரவ வாய்ப்பிருப்பதால் முழுப் பாதுகாப்பு எனச் சொல்ல முடியாது. புண் இருக்கும்போது உறவைத் தவிர்ப்பதே சரி. பிறப்புறுப்புப் புண் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடுவதால், வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் செல்வது முக்கியம்.

எந்த வகுப்பில் எதைச் சொல்வது?

1 முதல் 5 வகுப்பு வரை: கை கழுவுதல், அடுத்தவர் எச்சில் பட்டதைப் பகிராமை, நல்ல தொடுதல், கெட்ட தொடுதல். நோயின் பெயர்கூடத் தேவையில்லை.

6 முதல் 8 வரை: வைரஸ், அது பரவும் விதம், நரம்பில் உறங்குதல். இதற்கு நான் செய்யும் செயல்பாடு ஒன்று. ஒரு மாணவரின் உள்ளங்கையில் வண்ண சாக்பீஸ் தூளைத் தடவி, வழக்கம்போல் ஐந்து நிமிடம் இருக்கச் சொல்வேன். கை குலுக்குவது, பேனா வாங்குவது, முகம் துடைப்பது எல்லாம் நடக்கும். பிறகு தூள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று அவர்களே எண்ணுவார்கள். கன்னத்திலும் கண்ணோரத்திலும் நிறத்தைப் பார்த்ததும், நான் விளக்க வேண்டியது மிகக் குறைவு.

9 முதல் 12 வரை: பாலுறவு வழிப் பரவல், அறிகுறியற்ற பரவல், ஆணுறை, சிகிச்சை. மேல்நிலை விலங்கியலில் இனப்பெருக்க நலன் பாடம் இருக்கிறது. வணிகவியல் மாணவருக்கு அது கிடைப்பதில்லை; அவருக்கும் உடல் உண்டு என்பதை நினைவில் வைப்போம்.

பெயர் எழுதாமல் கேள்வி போடும் பெட்டி ஒன்றை வகுப்பில் வைத்தேன். வந்த கேள்விகளில் சில:

கழிப்பறையில் உட்கார்ந்தால் வருமா? வராது. உடலுக்கு வெளியே இவ்வைரஸ் அதிக நேரம் தாங்காது.

கொசு கடித்தால் வருமா? வராது.

இது வந்தவர்கள் திருமணம் செய்யலாமா, குழந்தை பெறலாமா? செய்யலாம், பெறலாம். துணைவரிடமும் மருத்துவரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம்

உதட்டுக் கொப்புளம் ஒரு பிள்ளையின் நடத்தை பற்றி எதையும் சொல்வதில்லை. பிறப்புறுப்பில் புண் என்று ஒரு குழந்தை நம்மிடம் சொன்னால் நம் பொறுப்பு வேறு. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். தன் வாயில் உள்ள தொற்றைத் தன் கையாலேயே குழந்தை கொண்டுபோயிருக்கலாம். பாலியல் துன்புறுத்தலாகவும் இருக்கலாம். நாமே துருவித் துருவிக் கேட்கக் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லி, மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். துன்புறுத்தல் நடந்திருக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. ஆசிரியர் அறையில் பேசும் செய்தியாக அது ஒருபோதும் ஆகக் கூடாது.

அந்த மாணவியின் அம்மாவிடம் இரண்டாம் முறை போனபோது என்னிடம் பதில் இருந்தது. "அம்மா, இது சின்ன வயசுல வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கிறதுங்க. காய்ச்சல் வந்ததால வெளிய வந்திருக்கு. உங்களுக்கோ எனக்கோகூட இருக்கலாம். தப்பு பண்ணது நான்தான், தனியா உட்கார வச்சேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் காய்ச்சல் வந்தா இப்படித்தான் வரும் டீச்சர்" என்றார்.

திங்கள்கிழமை அவள் வந்தாள். பழைய இடத்தில், தோழியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் பெயரைச் சொல்லாமல் அருகம்புல் பாடத்தை நடத்தினேன். வதந்தியைத் தொடங்கிய மாணவனின் வகுப்பிலும் அதையே நடத்தினேன். அவனைத் திட்டவில்லை. கைப்பேசி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லித் தர வேண்டிய நான் அதுவரை சொல்லித் தரவில்லை.

அடுத்த முறை உதட்டில் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்கு வரும்போது இடத்தை மாற்றாதீர்கள். கை கழுவச் சொல்லுங்கள், பாடத்தைத் தொடருங்கள்.