பயறு வண்டு எங்கிருந்து வருகிறது?

மாணவர்களே! சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்த தட்டைப்பயற்றை டப்பாவில் இறுக மூடி வைக்கிறோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பயறெல்லாம் துளை. பழுப்பு நிற வண்டுகள் ஓடுகின்றன. மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது?

வயலிலிருந்தே வந்தது! முற்றிய நெற்றின்மேல் பயறு வண்டு முட்டையிடுகிறது. பொரிந்த புழு நெற்றைத் துளைத்துப் பயற்றினுள் புகுந்துவிடும். வெளியே பார்த்தால் எளிதில் தெரியாது. உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வட்டத் துளை வழியே வண்டாக வெளிவரும். வெப்பமான நாட்களில் இதற்குச் சுமார் 4 வாரங்களே ஆகும்.

வளர்ந்த வண்டுக்கு இரை தேவையில்லை. ஏறத்தாழ 10 நாட்கள்தான் வாழும். அதற்குள் ஒரு பெண் வண்டு 100 முட்டைகள் வரைகூட இட்டுவிடும். பயற்றின்மேல் காணும் வெள்ளைப் புள்ளிகள் இந்த முட்டைகளே.

பல துளைகள் விழுந்த பயறு சமையலுக்கும் ஆகாது. அடுத்த பருவத்து விதைக்கும் உதவாது. எனவே அறுவடையானதும் கடும் வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். சமையலுக்கு உரியதைப் பருப்பாக உடைத்து வைக்கலாம். உடைத்த பருப்பில் இவ்வண்டு எளிதில் பெருகுவதில்லை.

செய்து பாருங்கள்: வெள்ளைப் புள்ளியுள்ள 10 பயறுகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். முதல் துளை எத்தனையாவது நாளில் தோன்றுகிறது?