பூட்டு இருந்தும் கதவு திறந்தது

கடிதம் எழுதுகிறோம். உறையில் போட்டு ஒட்டுகிறோம். தபால் பெட்டியில் போடுகிறோம். யாருக்கு எழுதினோமோ அவர்தான் அதைப் பிரிக்க வேண்டும். பிறர் கடிதத்தைப் பிரிப்பது தவறு. இது எல்லோருக்கும் தெரியும்.

இன்று கம்ப்யூட்டர், செல்போன் வழியாகவும் கடிதம் போகிறது. இதற்கு மின்னஞ்சல் என்று பெயர். இந்தக் கடிதங்கள் ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி உண்டு. அதைத் திறக்க ஓர் இரகசியச் சொல் வேண்டும். இதைப் பாஸ்வேர்டு என்கிறார்கள். அதுதான் சாவி.

சாவி நம்மிடம் இருக்கிறது. அது மட்டும் போதுமா?

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாட்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சபீர் பாட்டியா. இவர் இந்தியாவில் பிறந்தவர். 1997-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது.

1999 ஆகஸ்டு மாதம் ஒரு செய்தி வெளியானது. ஹாட்மெயிலில் ஒருவருடைய முகவரிப் பெயர் தெரிந்தால் போதும். அவருடைய பாஸ்வேர்டு தெரியாமலே பெட்டியைத் திறக்க முடிந்தது. கடிதங்களைப் படிக்க முடிந்தது. அப்போது 4 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பெட்டி வைத்திருந்தார்கள். கம்பெனி சில மணி நேரம் சேவையை நிறுத்தியது. குறையைச் சரிசெய்தது.

இது யார் தவறு? பெட்டி வைத்திருந்தவர்கள் தவறு செய்யவில்லை. கம்ப்யூட்டருக்கு மனிதர்கள் எழுதித் தரும் கட்டளைகளை மென்பொருள் என்கிறோம். அந்த மென்பொருளில் ஓட்டை இருந்தது. முன்வாசலில் நல்ல பூட்டு. பின்வாசலில் கேட்பார் இல்லை!

2006 ஜூன் மாதம் யாகூ மெயிலில் வேறு விதமான ஓட்டை தெரிந்தது. சில கடிதங்களுக்குள் கட்டளைகள் மறைந்திருந்தன. கடிதத்தைத் திறந்ததும் மென்பொருள் அந்தக் கட்டளைகளுக்குப் பணிந்தது. அவருக்குத் தெரிந்தவர்களின் முகவரிகளை எடுத்தது. அவர்களுக்கும் அதே கடிதத்தை அனுப்பியது.

மின்னஞ்சல் பெட்டி கடிதத்துக்கு மட்டும் அல்ல. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதமும் அங்கேதான் வருகிறது. ஒரு பெட்டி திறந்தால் பல பெட்டிகள் திறக்கும்.

ஓட்டையை அடைப்பது மென்பொருள் செய்பவர்களின் கடமை. மறைக்காமல் மக்களுக்குச் சொல்வதும் அவர்கள் கடமை. நாம் செய்யக்கூடியவையும் உண்டு.

1. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக் கூடாது.
2. செல்போனில் அப்டேட் வந்தால் செய்துவிட வேண்டும். அதில் ஓட்டை அடைக்கும் வேலையும் நடக்கிறது.
3. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. இரண்டையும் யாருக்கும் சொல்லக் கூடாது.
4. ஏ.டி.எம். இரகசிய எண்ணை மின்னஞ்சலில் எழுதி வைக்கக் கூடாது.
5. பிறர் கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்தால், மூடிவிட்டு எழ வேண்டும்.
6. மோசடியில் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

யோசிப்போம்

1. 1999-இல் பாஸ்வேர்டு இருந்தும் பெட்டி திறந்தது ஏன்?
2. ஓட்டை இருப்பதைக் கம்பெனி மறைத்தால் யாருக்கு நஷ்டம்?
3. உங்கள் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்? இன்றே மாற்றலாமா?